தைலக் கைகள்

ஓமத்தண்ணீர் பாதி டம்ளரில் அப்படியே இருக்கிறது. நாற்காலியில் சாய்ந்திருக்கும் நல்லையாவின் நெஞ்சில் அவர் மனைவி பாக்கியலட்சுமி கோடாலித் தைலம் தேய்க்கிறாள். மழை விட்ட காலை. வீட்டுக்கு முன்னால் காஜா பேராங் சாலையில் சுதந்திர ஊர்வலத்தின் மேளம் நெருங்கி வருகிறது. நேற்று ஏணியில் ஏறி அவர் கட்டிய காகிதக் கொடிகள் ஜன்னலுக்கு வெளியே நனைந்து தொங்குகின்றன. "வாயுதான் பாக்கியம். நல்லா அழுத்தித் தேய்." அழுத்துகிறாள், கை வழுக்குகிறது. எவ்வளவு ஊற்றினாலும் தைலம் தோலில் ஏறவில்லை. நெஞ்செல்லாம் வேர்வை, சில்லென்று. இந்தக் குளிரில் மனுஷனுக்கு எப்படி வேர்க்கும்? இடது கை வலிக்கு ஏணியைக் காரணம் சொன்னார். விடிந்ததும் தாடை வலி என்று பல்லுக்குக் கிராம்பு கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கைவைத்தியம் பார்த்தவளுக்கு இப்போதுதான் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. அவள் அண்ணனுக்கும் கடைசியில் இதே வேர்வைதான் வந்தது. மாரடைப்பு. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பயந்து, "எழுந்திரிக்காதீங்க, எதிர்வீட்டுச் சாமிநாதன் டெக்சியக் கூட்டியாறேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்கிறாள். "வாயுவுக்கு ஆஸ்பத்திரியா? சிரிப்பாங்க." அவரே சிரிக்கப் பார்க்கிறார், உதடு சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அவள் வாசலுக்கு ஓடுகிறாள். மாலை போட்ட டெக்சி எதிரேதான் நிற்கிறது. நடுவில் சாலை கொள்ளாத ஜனம். தொண்டை கிழியக் கத்துகிறாள். மேளம் அதை விழுங்கிவிடுகிறது. தைலம் மினுங்கும் இரு கைகளையும் தூக்கி ஆட்டுகிறாள். டெக்சிப் பக்கத்தில் நிற்கும் சாமிநாதன் பார்த்துவிடுகிறார். முகமெல்லாம் சிரிப்பாக, கையிலிருக்கும் கொடியை உயர்த்தி அவளுக்குப் பதிலுக்கு ஆட்டுகிறார்.