பித்தளை வாய்

"உனக்கு இன்னாடி தெரியும்? வாயை மூடு."

வேதாச்சலம் போட்ட சத்தத்தில், திருப்பதி ரயிலடிக்குப் பின்னால் இருந்த கங்கையாவின் மெக்கானிக் கொட்டகை ஒரு நிமிஷம் அடங்கிப் போனது. பக்கத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன்கூடக் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

அவர் பெண்டாட்டி அம்சவேணி வாயை மூடவில்லை. "சத்தம் இல்லாததா பாத்துப் போடுங்கன்னேன். இது ஒரு தப்பா?"

சண்டை ஒரு டப்பாவைப் பற்றியது. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த அவருடைய மோட்டார் சைக்கிளில், என்ஜின் காற்றை இழுக்கும் இடத்தில் தூசியை வடிகட்ட ஒரு டப்பா இருந்தது. திருச்சானூர் தாயாரைச் சேவித்துவிட்டு வரும் வழியில் எருமை ஒன்று குறுக்கே வந்தது. எருமை பிழைத்துக்கொண்டது, டப்பா நசுங்கிவிட்டது.

கங்கையா அதற்குப் பதிலாக இரண்டு சாமான்களைத் துணிமேல் எடுத்து வைத்திருந்தார். ஒன்று, அடியில் எண்ணெய் ஊற்றி வைக்கிற கனத்த டப்பா. இன்னொன்று, வடிகட்டியே இல்லாத வெறும் பித்தளை வாய். நாதஸ்வரத்தின் நுனி மாதிரி அகன்று பளபளத்தது.

"டப்பாவே போட்டுக்கோங்க மொதலியார்காரு. உங்க ஊர் ரோடு பூரா புழுதி. இந்த வாய் அத்தனையும் முழுங்கும். ரெண்டு வருஷம் என்ஜின் தாங்கினா பெரிசு. சத்தம் வேற, புலி மாதிரி உறுமும்."

வேதாச்சலத்துக்கு மெக்கானிக் என்றாலே இளக்காரம். மெக்கானிக் மட்டும் இல்லை. தறிக்காரன், வாத்தியார், தபால்காரன் என்று கண்ணாடியில் தெரிகிற ஆளைத் தவிர எல்லாருமே இளக்காரம்தான். அதிலும் பெண்டாட்டி சொன்னதற்கு நேர் எதிராகச் செய்வதைப் பதினாலு வருஷமாக விரதம் மாதிரி காத்துவந்தார். அவள் பூசணி கேட்டால் இவர் புடலங்காய் வாங்கி வருவார்.

அப்போது அவர் மனசெல்லாம் சித்தூரில் இருந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகிவிட்டது. நகரிக்குக் கிழக்கே இருந்த இவர்கள் ஊர் ஆந்திராப் பக்கமா, மதராஸ் பக்கமா என்று இழுபறி. 'ஊரே இங்கேதான் இருக்கப் பிரியப்படுது என்று கைநாட்டு வாங்கிக் கொண்டு வா, ஜில்லா போர்டில் உனக்கு ஒரு நாற்காலி' என்று சித்தூர்ப் பெரிய மனுஷர் ஒருவர் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்காரப் போகிறவன் பூனை மாதிரி வந்து போனால் எவன் மதிப்பான்?

அம்சவேணி பித்தளை வாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"கீழ வைடி. விரலெல்லாம் ஊதாச் சாயம். நூலுக்குச் சாயம் முக்கின கைய எல்லாத்துலயும் வெச்சிக்கினு."

வைத்துவிட்டாள். "ஏன் மேஸ்திரி, இதோட சத்தம் எவ்ளோ தொலைவு கேக்கும்?"

"கிராமம்தானே? அரை மைலுக்கு அந்தாண்டயே கேக்கும் அம்மா."

"அய்யய்யோ. அப்போ ஏரிக்கரைல வரும்போதே ஊருக்கெல்லாம் கேக்குமே. மானம் போவும்ங்க. டப்பாவே போடச் சொல்லுங்க."

அவ்வளவுதான். "கங்கையா, பித்தளைய மாட்டு" என்றார் வேதாச்சலம்.

அம்சவேணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழட்டும் என்று அவருக்குப் பரம திருப்தி.

வண்டி உறுமிக்கொண்டு ஊருக்குள் வந்தபோது கன்றுக்குட்டிகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வேதாச்சலம் புழுதியைக் கிளப்பியபடி தெருத்தெருவாக, கிராமம் கிராமமாகச் சுற்றிக் கைநாட்டுச் சேர்த்தார். செத்துப்போன நாலு பேர்கூட அந்தக் காகிதத்தில் விரல் வைத்திருந்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நமக்கென்ன தெரியும்.

விசாரிக்க வந்த அதிகாரி, சாவடியில் அவருடைய காகிதக் கட்டை வாங்கி ஓரமாக வைத்தார். "இதுக்கு முன்னாலயே ஒரு கட்டு வந்துட்டுதே. உங்க ஊர்ப் பொம்பளைங்க முந்நூறு பேர், மதராஸோட சேக்கணும்னு."

வேதாச்சலத்தின் முகம் சுண்டைக்காயாகிவிட்டது. பொம்பளைகளுக்கு இதெல்லாம் சுயமாகத் தோன்றுமா? எவனோ ஒருத்தன் பின்னால் இருக்கிறான். வாத்தியார் பாலசுந்தரத்தோடு பேச்சை நிறுத்தினார். நூல் சொசைட்டி கோவர்த்தனனைச் சட்டையைப் பிடித்து உலுக்கினார். இரண்டு பேரும் திருதிருவென்று விழித்ததுதான் மிச்சம்.

அறுபதாம் வருஷம் ஊர் மதராஸ் பக்கம் போயிற்று. நாற்காலி போயிற்று. கங்கையா சொன்ன மாதிரியே புழுதி தின்று என்ஜினும் போயிற்று. வேதாச்சலம் மோட்டார் சைக்கிளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு சித்தூரில் தம்பி வீட்டோடு குடிபோனார். தறியில் பாவு இருக்கிறது, முடிந்ததும் வருகிறேன் என்று அம்சவேணி தங்கிவிட்டாள். வருஷம் பத்தாகிறது, அந்தப் பாவு இன்னும் முடியவில்லை.

அன்றைக்குப் புறப்படும்போதும் அவர் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "எவன் வூடு வூடாப் போய்க் கைநாட்டு வாங்கினான்னு மட்டும் தெரியணும். அவன வுடமாட்டேன்."

அம்சவேணி புளிச்சோற்று மூட்டையை வண்டிக்குள் வைத்தாள்.

"யாரும் வூடு வூடாப் போவலங்க. எல்லாரும் நம்ம வூட்டுக்குத்தான் வந்தாங்க. ஏரிக்கரைல உங்க வண்டி உறுமினதும் எழுந்து போய்டுவாங்க."