பொறுமைசாலிக்குப் பதவி உயர்வு

“முதலாளி மாடியேறிட்டாரு. நியமன உத்தரவுல ‘பொறுமைசாலி’ன்னே அடிங்க மேடம், நிஜப் பேரை அப்புறம் சேர்த்துக்கலாம்.”

மேனேஜர் விரட்டிய விரட்டலில் வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். சீனியர் மேடம் அசையவில்லை. அந்தக் கட்டட வரைபட நிறுவனத்தில் பதினாறு வருடமாகக் கோடு இழுப்பவர். காலியான பிரிவுத் தலைவர் நாற்காலி அவருக்குத்தான் என்று வாட்ச்மேன் வரை பேசிக்கொண்டார்கள். இப்போது நாற்காலியோடு வேலையும் சேர்ந்து போகவிருந்தது.

எல்லாம் மேனேஜரின் புதுமை. அந்த நாற்காலிக்கு ஆள் தேட, கட்டைகளை அடுக்கி ஊரையே எழுப்பும் கணினி விளையாட்டு ஒன்றில் ஊழியர்களை ஒரு மாதம் இறக்கிவிட்டார். பாரபட்சம் கூடாதென்று ஆளுக்கொரு புனைபெயர். யார் எவரென்பது அவருக்கே தெரியாது. ஒவ்வொரு கட்டைக்கும் விளையாட்டே மார்க் போட்டுச் சேமிக்க, எழுதிவைத்த கட்டளைப்படி தானே இயங்கும் கட்டளைப் பெட்டி ஒன்றையும் ஊருக்குள் நட்டார். கட்டளையை, நாலு வீடியோ பார்த்துவிட்டுத் தானே எழுதினார். உதவ வந்தவர்களைக் கிட்டவே சேர்க்கவில்லை.

மாத முடிவில் ‘பொறுமைசாலி’க்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மார்க். மற்ற அத்தனை பேருக்கும் பூஜ்யம். பூஜ்யங்களில் அதிகச் சம்பளம் வாங்குபவரை முதலில் வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாகியிருந்தது. தன் புனைபெயர் பொறுமைசாலி இல்லையென்று சொல்லிவிட்ட சீனியர் மேடம்தான் அது.

“ஒருத்தரைத் தவிர எல்லாருக்கும் பூஜ்யம்னா உங்களுக்குச் சந்தேகம் வரலையா சார்?”

“ரொம்ப நாளாவே சந்தேகம்தான். இப்பதான் ஆதாரம் கிடைச்சிருக்கு.”

மேடம் விடாமல் கட்டளையைத் திரையில் திறந்து காட்டினார். கட்டை வைத்தவர் பெயரில் மார்க் ஏற்று என்று எழுத வேண்டிய இடத்தில், பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பவர் பெயரில் ஏற்று என்று எழுதித் தொலைத்திருந்தார் மேனேஜர். ஊரே வியர்வை சிந்திக் கட்டியதெல்லாம் பெட்டியோரம் சும்மா நின்றவர் பெயரில் ஏறியிருந்தது.

கதவைத் திறந்து முதலாளி நுழைந்ததும் மேனேஜர் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பொறுமைசாலி ஒரு மாதமும் இடத்தைவிட்டு நகரவில்லை, அரட்டையில் ஒரு வரி எழுதவில்லை, எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை என்று அடுக்கினார்.

“கட்டறதுக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க ஐயா. நிர்வாகம் வச்ச பெட்டிக்குப் பக்கத்துலயே நிக்க எத்தனை பேருக்கு வரும்?”

முதலாளிக்கு அது பிடித்துப்போனது. மேனேஜர் தானே அடித்து நீட்டிய உத்தரவில் கையெழுத்துப் போட்டார். சீனியர் மேடத்திடம் மேசையைக் காலி செய்யச் சொன்னார். பிறகு, புதுத் தலைவரைக் கூப்பிடச் சொன்னார்.

மேனேஜர் கூடத்தைப் பார்த்துப் பெயரை உரக்கச் சொன்னார். இருபத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, யாரும் எழவில்லை.

“அடக்கத்தைப் பாருங்க ஐயா.”

அப்படியானால் விளையாட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்துவிடலாம் என்றார் முதலாளி. சுவர்த் திரையில் ஊர் விரிந்தது. மேனேஜர் தெருக்களைத் தாண்டிக் கட்டளைப் பெட்டியருகே காட்சியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டியை ஒட்டி ஒரு வேலி. அதற்குள், யாரோ ஆசையாக வைத்த ‘பொறுமைசாலி’ என்ற பெயர் தலைக்கு மேல் மிதக்க, வெள்ளைக் கோழி ஒன்று நின்றிருந்தது.

கையெழுத்தின் ஈரம் காய்வதற்குள் புதிய பிரிவுத் தலைவர் ஒரு முட்டை இட்டார்.