அதே சத்தம் வேணும்

போனை வைத்த வயலின்காரருக்கு முகமெல்லாம் பல்.

“இசையமைப்பாளர்தான். நம்ம பாட்டு ஹிட்டானதே நடுவுல வர்ற அந்தச் சத்தத்தாலதானாம். நாளைக்கு ரெக்கார்டிங்குக்கும் மறக்காம அதையே கொண்டு வரச் சொன்னாரு.”

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது. “அதையேவாங்க? காலையிலதான் ஆளைக் கூப்பிட்டு ரிப்பேர் பண்ணேன்.”

அவர் பதறி எழுந்தார். “யாரைக் கேட்டுப் பண்ணே? இருபது வருஷமா அதுமேல ஒருத்தரையும் கைவைக்க விட்டதில்ல.”

“காதுல ரத்தம் வருதுன்னு பக்கத்து வீட்டுல தினமும் புலம்பறாங்க. நாலு ஆணி அடிச்சு, எண்ணெய் விட்டாரு. இப்போ சத்தமே இல்ல.”

அவர் அறைக்குள் ஓடி, அதன்மேல் உட்கார்ந்து, முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். இடுப்பு வலிக்காக எல்லா ரெக்கார்டிங்குக்கும் தூக்கிப்போகும் அந்த மடக்கு நாற்காலி, ஒரு ‘கிரீச்’கூடச் சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் இசையமைப்பாளருக்கே போன் போட்டார்.

“சார், நாற்காலி இப்போ சத்தம் போடறதில்ல. நாளைக்கு வயலின் மட்டும் எடுத்துட்டு வரட்டுமா?”

மறுமுனையில் இசையமைப்பாளர் கேட்டார்:

“நீங்க வயலின் வேற வாசிப்பீங்களா?”