குடும்பம் மாதிரி

"இங்க முதலாளி, தொழிலாளிங்கிற பேச்சே கிடையாது. எல்லாரையும் என் குடும்பம் மாதிரிதான் நடத்துவேன்" என்றார் முதலாளி, அந்தப் பார்சல் கம்பெனியில் இருந்த ஒரே நாற்காலியில் சாய்ந்தபடி. சொல்லும்போது அவர் கண்கூடக் கலங்கியது. கொட்டாவிதான்.

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த மாணவி எதிரே நின்றாள். காலையிலிருந்து அட்டைப்பெட்டி மடித்து விரலெல்லாம் வெடித்திருந்தது.

"நாளைக்குப் பரீட்சை சார். லீவு வேணும்."

"குடும்பத்துல யாராவது லீவு கேப்பாங்களாம்மா? விசாவுல சொன்ன மணி நேரத்துக்கு மேல நீ வேலை பாக்குறது வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் கஷ்டம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவள் தன் மேஜைக்குத் திரும்பினாள். பெட்டிகளில் 'கவனமாகக் கையாளவும்' என்று ஒட்டியிருந்தது. அது பெட்டிகளுக்கு மட்டும்.

பக்கத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கு நின்றபடியேதான் சாப்பாடு. ஜுரத்தோடு வந்த அன்றும் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"குடும்பமாம், குடும்பம். வாய் கூசாம சொல்றார் பாருங்கக்கா. வீட்டு ஆளுங்களை இப்படித்தான் நடத்துவாராமா?"

அக்கா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அந்த ஒரு விஷயத்துல அவர் பொய் சொல்றதில்ல. நானும் படிக்க வந்தவதான். இதே மேஜைல நின்னுக்கிட்டு, பரீட்சைக்கு லீவு வேணும்னு கேட்டேன்."

"குடுத்தாரா?"

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார்."