சாயங்காலத் துடிப்பு

"சிரிக்காதேடி! சிரிச்சா ஒயர் பிடுங்கிக்கும்" என்று அதட்டியபடி, தன் மார்பில் ஒட்டியிருந்த வில்லைகளை ஒவ்வொன்றாக உரித்து மனைவி ரூப்கலியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தார் பைஜ்நாத் திவேதி.

இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதிவு செய்யும் பெட்டி அது. காலையில்தான் டாக்டரம்மா நிஷாத் அன்சாரி அதை அவர் நெஞ்சில் மாட்டி அனுப்பியிருந்தார். "பண்டிட்ஜி, உங்க துடிப்பு தாளம் தப்புது. பாங்கு போடறீங்களான்னு கேட்டா, இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றீங்க. இந்தப் பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது, பார்த்துடலாம்" என்றும் சொல்லியிருந்தார்.

பைஜ்நாத்துக்கு எழுபது வயதில் மிச்சமிருந்த சொர்க்கம் ஒன்றே ஒன்று. மாலையில் நண்பர்களோடு படகேறி, கங்கையின் அக்கரையில் இறங்கி, கஞ்சா இலையை அரைத்து உருட்டிய பாங்கு உருண்டையை வாயில் போட்டு, ஆனந்தமாக ஒரு குளியல் போட்டு வருவது. அதில் மண் விழுவதை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு எதுக்குங்க இந்த வேஷம்?" ரூப்கலி நெளிந்தாள்.

"நீ பாங்கை மோந்துகூடப் பார்க்காதவ. உன் நெஞ்சு கடிகாரம் மாதிரி ஓடும். அதைக் காட்டி நான் தப்பிச்சுக்கறேன்."

"சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போது மட்டும் கழட்டி வச்சிடட்டுமா?"

"பெட்டியோடவே போ. விசுவநாதர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார்."

பிறகு அவர் கோதுமை டிரம்முக்குப் பின்னால் கைவிட்டு, பாங்கு உருண்டைகளை ஒளித்து வைத்திருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்தார். திறந்ததும் முகம் கடுகடுத்தது. "வாரத்துக்குன்னு வாங்கினது அதுக்குள்ள காலி! அந்த லல்லன் எண்ணிப் போடும்போதே திருடறான். இன்னிக்கு அவன் கடையில வச்சே சட்டையைப் பிடிக்கறேன்."

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். நடையைப் பார்த்தே வித்தவுட் ஆசாமியை அமுக்கியவருக்கு லல்லன் எம்மாத்திரம்?

"விடுங்க, பாவம், பிள்ளைகுட்டிக்காரன்" என்றாள் ரூப்கலி.

மறுநாள் வில்லைகளை மறுபடி தன் மார்புக்கு மாற்றிக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு, புது மாப்பிள்ளை மிடுக்கோடு மருத்துவமனைக்குப் போனார் பைஜ்நாத். டாக்டர் கணினித் திரையைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது.

"பகலெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. பொழுது சாய்ஞ்சதும் ஒரே ஓட்டம், நடுநடுவுல தடுமாற்றம். இந்த வயசுல இதை இப்படியே விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடலாம், பண்டிட்ஜி."

பைஜ்நாத்தின் மிடுக்கு போன இடம் தெரியவில்லை. அது அவருடைய நெஞ்சு இல்லை, ரூப்கலியின் நெஞ்சு. படகும் அக்கரையும் அந்த நொடியே மறந்துபோயின. அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"டாக்டரம்மா, என்னைச் செருப்பால அடிங்க! பெட்டியை மாட்டியிருந்தது இவ. பாவி நான்தான் மாத்தி ஒட்டினேன். இவளுக்கு என்ன வியாதின்னு பாருங்க, எப்படியாவது காப்பாத்துங்க. இனிமே நான் பாங்கு பக்கமே போக மாட்டேன், கங்கை மேல சத்தியம்!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரூப்கலியை உற்றுப் பார்த்தார். "பதறாதீங்க. பாங்கு போடறவங்ககிட்ட இந்த மாதிரி ஓட்டத்தை நான் பார்த்திருக்கேன். அதை விட்டதும் நிறையப் பேருக்குச் சரியாகியிருக்கு. ஆனா இவங்க..."

"மோந்துகூடப் பார்த்ததில்லைங்க! வேற ஏதோ பெரிய வியாதி!" என்று கதறினார் பைஜ்நாத்.

ரூப்கலி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"என்னங்க, இனிமே அந்த லல்லனைத் திட்டாதீங்க. உருண்டை எடுத்தது நான்தான்."