பர்வீன் எரிய வைத்த பல்பு

ஏழாம் வகுப்பு அலமாரியில் ஒரு டார்ச் பல்பு இருந்தது. வருஷத்துக்கு ஒருநாள் டீச்சர் அதை மேசைமேல் பளிச்சென்று எரித்துக் காட்டுவார். பிள்ளைகள் குனிந்து படம் வரைந்து பாகம் குறிப்பார்கள். பல்பை நிமிர்ந்து பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்காது.

இந்த வருஷம் டீச்சர் பல்பையும் ஒயரையும் பேட்டரியையும் பர்வீனிடம் கொடுத்து, "நீயே எரிய வை" என்று சொல்லிவிட்டார்.

பர்வீன் ஒயரின் இரண்டு முனையையும் பேட்டரியிலேயே வைத்து அழுத்தினாள். பல்பு எரியவில்லை, பேட்டரிதான் சுட்டது.

"ஐயோ, என் சத்தெல்லாம் வீணாப் போகுதே!" என்று அலறியது பேட்டரி.

"கொஞ்சம் மிச்சம் வைங்கண்ணே," என்று பல்பு கெஞ்சியது. "எப்படியும் அந்தப் புள்ள என்கிட்ட வந்துரும்."

பர்வீன் விரலை ஊதிக்கொண்டு மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கடைசியில் பல்பை பேட்டரியின் தலையில் உட்காரவைத்து, ஒயரின் ஒரு முனையை பேட்டரியின் அடியிலும் மறுமுனையை பல்பின் இடுப்பிலும் அழுத்தினாள்.

பல்புக்குள் கம்பி லேசாகச் சிவந்தது. அவ்வளவுதான்.

"மானமே போச்சு," என்று பல்பு குறுகிப்போனது. "இவ்வளவு மங்கலா நான் எரிஞ்சதே இல்ல."

"எரியுது டீச்சர், எரியுது!"

பர்வீன் போட்ட சத்தத்தில் வகுப்பே ஓடிவந்து சூழ்ந்தது.

"எங்கடி? தெரியலையே!"

"ஜன்னலைச் சாத்துங்கப்பா, தெரியும்!"

ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன. இருட்டில் அத்தனை முகங்களும் பல்பை நெருங்கி வந்தன.

"அண்ணே," என்றது பல்பு, "இன்னும் ஒரே ஒரு நிமிஷம் தாக்குப்பிடிங்க."