விசிலுக்கு உரியவள்

அந்த ஆண்டுகளில் கபடிக் களத்தில் நடுவருக்கும் மேலே ஒருவர் இருந்தார். தலையில் அடிபட்டு இறந்த ஆட்டக்காரரின் வீட்டார் ஒருவர் விசிலோடு ஓரமாக உட்கார வேண்டும் என்பது சட்டம். அவர் ஊதினால் அடிபட்டவன் வெளியேற வேண்டும்.

இறுதி ஆட்டத்தில் சுடலைமணியின் தலை இன்னொருவன் முழங்காலில் மோதியது. உடனே எழுந்துகொண்டான், ஆனால் எதிரணியோடு போய் நின்றான். கூட்டம் சிரித்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த இசக்கியம்மாள் விசிலை ஊதினாள்.

"சித்தி, எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான இருக்கேன்."

"எம்மவனும் அப்படித்தாம்ல சொன்னான். சொல்லிட்டுப் போயிப் படுத்தான், எந்திரிக்கல. வெளிய வா."

அவன் இல்லாமல் அணி தோற்றது. அவனுடைய அம்மா நேராக இசக்கியம்மாளிடம் வந்தாள்.

"ஜெயிச்சிருந்தா எம்புள்ளைக்குப் போலீஸ் வேலை. ஒம்மவன் போனான்னு ஊர்ல ஒருத்தனும் பொழைக்கக் கூடாதா?"

"மொதல்ல அவன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. அப்புறம் வந்து ஏசு" என்றாள் இசக்கியம்மாள்.

இரண்டு நாள் கழித்து, வாசலில் நின்ற அவளைக் கண்டதும் சுடலைமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் எதையும் மறக்கவில்லை. நடையும் நேராக இருந்தது. அவன் தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு அவள் உள்ளே போனாள்.